பல்கலைக்கழகம் ஒரு தர்ம ஸ்தாபனமா?

உயர்தர வணிகப் பிரிவு மாணவி, முள்ளியவளை

கல்விக்குக் கொடுப்பது தர்மம் என்று எமது மேடைகளிலும் ஜும்ஆப் பிரசங்கங்களிலும் கேட்காத ஆண்டே இல்லை. அதில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் கல்விக்குக் கொடுப்பது தர்மம் என்றால், கல்வியைக் கொடுக்கின்ற நிறுவனம் எல்லாம் தர்ம ஸ்தாபனம் ஆகிவிடுமா? இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனமும் ஆகுமா? ஒரு சதமும் வாங்காத அரச பல்கலைக்கழகம் எந்த வகையில் சேரும்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது வாப்பாதான். கடந்த நோன்பு விடுமுறையில் முள்ளியவளைக்குப் போயிருந்தபோது வீட்டுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. தூரத்து ஊரொன்றில் உள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்று, புதிய மாடிக் கட்டடத்துக்காக ஸகாத்தும் ஸதகாவும் கேட்டிருந்தது. அதே நிறுவனத்தின் பட்டப்படிப்புக் கட்டணத்தை என் தோழி ஒருத்தி கைபேசி விளம்பரத்தில் காட்டியிருந்தாள். வாப்பாவின் இரண்டு வருட உழைப்பு அது. "நீதானே கொமர்ஸ் படிக்கிற. இது தர்மமா, கடையா? சொல்லு மகள் பாப்பம்" என்றார் வாப்பா. நூலகத்தில் தேடியும் ஆசிரியர்களிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அடுத்த வருடம் எங்களில் பலருடைய வீடுகளிலும் இதே கேள்வி வரப்போகிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் தர்ம நம்பிக்கைப் பொறுப்பு என்றால் என்ன என்பதை 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதியினருக்கோ நன்மை தரும் நான்கு நோக்கங்களை அது ஏற்றுக்கொள்கிறது: வறுமையைப் போக்குதல், கல்வியையும் அறிவையும் வளர்த்தல், மார்க்கத்தை வளர்த்தல், இவற்றில் அடங்காத, மனித குலத்துக்குப் பயன்படும் வேறு நோக்கங்கள். இந்த நான்கும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே 1601இலேயே தர்ம காரியங்களின் பட்டியல் ஒன்று சட்டத்தில் இருந்தது. பாடசாலைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தார்கள். 1891இல் ஒரு வரி வழக்கில் அதை நீதிபதி ஒருவர் நான்கு தலைப்புக்குள் அடக்கினார். அதுதான் கப்பலேறி எங்களிடம் வந்தது.

இதில் என்னை முதலில் திகைக்க வைத்தது ஒன்று. வறுமையும் கல்வியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது, கல்வி தர்மமாகக் கணிக்கப்படுவதற்கு அது ஏழைக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை அந்த வரியில் இல்லை. ஒரு வைத்தியர் உருவானால் அவருடைய தகப்பன் பணக்காரராக இருந்தாலும் நோயாளிகள் எல்லோரும் பயன்பெறுவார்கள் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். தர்மம் என்றவுடன் நீட்டிய கையையும் அதில் விழும் சில்லறையையும் நினைக்கும் எங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஆனால் பள்ளிவாசல் ஹவுளில் பணக்காரரும்தான் வுழூ செய்கிறார். ஹவுளைக் கட்டிக் கொடுத்தவரின் நன்மை அதனால் குறைந்து போவதில்லை.

அப்படியானால் கல்வி விற்கும் கடைகளும் இந்தக் கதவால் நுழைந்துவிடாதா? நுழையாமல் இருக்கத்தான் இன்னொரு பூட்டு இருக்கிறது. எமது வருமான வரிச் சட்டமும் கல்வி வளர்ச்சியைத் தர்ம நோக்கமாகவே ஏற்கிறது. ஆனால் வியாபார நோக்கத்துக்காக நிறுவப்பட்ட நிறுவனம் நடத்தும் கல்வியை அது விலக்கி வைக்கிறது.

வியாபார நோக்கம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டணம் வாங்கினால் வியாபாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எங்கள் பகுதிப் பள்ளிவாசல்களில் தென்னை மரங்கள் இருக்கும். தேங்காயைச் சும்மா யாருக்கும் கொடுப்பதில்லை, ஏலத்தில் விடுவார்கள். சந்தை விலைக்கே போகும், சில நேரம் கூடுதலாகவும் போகும். அதற்காக அந்தத் தோட்டத்தை யாராவது வியாபாரம் என்று சொல்வதுண்டா? இல்லை. ஏனென்றால் வந்த காசு பள்ளிவாசலின் மின்கட்டணத்துக்கும் கூரைக்கும் முஅத்தினின் சம்பளத்துக்கும் போகிறது. நிர்வாகத் தலைவர் வீட்டுக்குப் போவதில்லை. போனால் அன்றைக்கே ஊர் கூடிவிடும்.

கணக்கீடு படிக்கும் மாணவிகளுக்கு இது இன்னும் இலகுவாக விளங்கும். இலாப நோக்கற்ற அமைப்பின் கணக்கில் நாம் "இலாபம்" என்ற சொல்லை எழுதுவதில்லை. "மிகை" என்று எழுதுகிறோம். இவ்வளவு நாளும் பரீட்சைக்காக மனனம் செய்த அந்த ஒரு சொல்லில் இந்த முழு விவகாரமும் இருக்கிறது. இலாபத்துக்கு உரிமையாளர் உண்டு. அது பங்கிலாபமாகப் பிரிந்து வீடு போகும். மிகைக்கு உரிமையாளர் இல்லை. அது திரும்ப அதே நோக்கத்துக்குள் விழ வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது "காசு வாங்குகிறார்களா" என்று அல்ல, "மிஞ்சும் காசு எங்கே போகிறது" என்று.

இந்தியாவில் இதை மிகவும் கறாராகச் சொன்ன தீர்ப்பு ஒன்று 2022 ஒக்டோபரில் வந்தது. வருமான வரி விலக்குக் கேட்கும் கல்வி நிறுவனம் கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும், இலாபத்தையும் ஒரு நோக்கமாக வைத்துக்கொண்டு விலக்குக் கேட்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. கல்வி நடத்தும்போது தற்செயலாக மிகை வருவதை அது குற்றமாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பச்சையப்ப முதலியாரின் கதை இதற்கும் பழையது. 1794இல் இறந்த அவர் தன் செல்வத்தைப் பெரும்பாலும் கோயில் தர்மங்களுக்கு எழுதி வைத்தார். நீண்ட வழக்குகளுக்குப் பின், அந்தத் தர்மங்கள் போக மிஞ்சிய பணத்தில் 1842இல் சென்னையில் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே பின்னர் பச்சையப்பன் கல்லூரியானது. கோயிலுக்கென வைத்த பணத்தின் மிகை கல்விக்குப் போகலாம் என்று அக்காலத்து நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

எமது மார்க்கத்தில் இந்த ஏற்பாட்டுக்கு வக்பு என்று பெயர். சொத்தின் மூலத்தை அசையாமல் நிறுத்தி வைத்து, அதன் பயனை மட்டும் செலவழிப்பது வக்பு. கொடுத்தவர் திரும்பக் கேட்க முடியாது, விற்க முடியாது, பிள்ளைகளுக்கு வாரிசாகவும் போகாது. மொரோக்கோவின் பெஸ் நகரில் 859இல் தனக்கு வாரிசாக வந்த பணத்தைக் கொண்டு ஒரு பள்ளிவாசலைக் கட்டியவர் பாத்திமா அல்-பிஹ்ரி என்ற பெண் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அந்தக் கராவிய்யீன் பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கல்விக் கூடம் நூற்றாண்டுகளாக வக்பு வருமானத்தில் நின்று பிடித்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் அது அரச பல்கலைக்கழகமாக மாறியது. உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் எது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வாரிசுப் பங்கு ஆயிரம் வருடங்களுக்கு மேல் மாணவர்களைச் சுமந்திருக்கிறது என்பது எனக்குப் போதும். எங்களில் யாருக்காவது இரண்டு பரப்புக் காணி வந்தால் அதை என்ன செய்வோம் என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.

இலங்கையிலும் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்றார்கள். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே இருந்த ஒராபி பாஷா ஊக்கமளித்தார். 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியவர் மாணிக்க வணிகரான நளீம் ஹாஜியார். தான் பெரிதாகப் படிக்காதவர், தன் உழைப்பைப் பிறர் படிப்பில் போட்டார். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் பள்ளிவாசல்களோடு முஸ்லிம் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளையும் வக்புகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது.

இனி எங்கள் வன்னிக்கு வருவோம். முள்ளியவளைப் பிள்ளை ஒன்று இன்று "கம்பஸ்" என்று கனவு காணும்போது முதலில் கண்ணில் தெரிவது வவுனியாப் பல்கலைக்கழகம். 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. இவையெல்லாம் தர்ம ஸ்தாபனங்களா?

என் பதில், இல்லை என்பதுதான். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை படிப்பது உரிமையானது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் நடக்கும் இந்த நிறுவனங்களுக்குப் பணம் திறைசேரியிலிருந்து வருகிறது. திறைசேரிக்கு எங்கிருந்து வருகிறது? 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். தண்ணீரூற்றுக் கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு கட்டுகிறார். அவருடைய மகள் அங்கே போய் இருக்கும்போது யாருடைய தர்மத்திலும் இருக்கவில்லை. முல்லைத்தீவு உட்பட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பல துறைகளில் 5 சதவீத மேலதிக ஒதுக்கீடு உண்டு. அதையும் சிலர் பிச்சை போலப் பேசக் கேட்டிருக்கிறேன். ஆய்வுகூடமும் விசேட ஆசிரியரும் இல்லாத இடத்திலிருந்து ஓடி வருபவளுக்குத் தொடக்கக் கோட்டைச் சற்று முன்னே போடுவதற்குப் பெயர் பிச்சை அல்ல.

ஆனாலும் அந்த அரச மதில்களுக்குள்ளே பழைய தர்மங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் திருநெல்வேலியில் ஆரம்பமானது ஒரு வெறும் நிலத்தில் அல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம் அது. ஒரு சைவப் பெரியவரின் கொடை. அதில் இன்று எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது இப்படி எத்தனையோ சமய, சமூகக் கொடைகள் அரச உடைமையாகின. கொடுத்தவர்களின் நோக்கம் பறிபோனது என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பின்தான் பல பாடசாலைகளின் கதவு, கொடுத்தவரின் சமூகத்தைச் சேராத பிள்ளைக்கும் தயக்கமின்றித் திறந்தது. இரண்டையும் தராசில் வைத்தால் நான் திறந்த கதவின் பக்கம் நிற்பேன். என் வகுப்பில் எல்லோரும் இதற்கு உடன்படமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கதவு என்றதும் சட்டத்தின் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் இங்கிலாந்துச் சட்டத்தின்படி தர்ம ஸ்தாபனங்கள்தான். அமெரிக்காவின் ஹார்வர்டும் வரி விலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனமே. அதன் கையிருப்பு நிதி 50 பில்லியன் டொலருக்கும் மேல். மிகை யாருடைய வீட்டுக்கும் போகவில்லை, ஆகவே சட்டத்தின் முதல் கேள்வியில் சித்தியடைந்துவிடுகிறது. ஆனால் மக்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. இவ்வளவு பணத்தைக் குவித்து வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் அதன் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று அமெரிக்கா 2017இல் சட்டம் கொண்டுவந்தது. 2025இல் மிகச் செல்வமுள்ளவற்றுக்கு அதை மேலும் உயர்த்தியது. இங்கிலாந்தில் தர்ம ஸ்தாபனமாகப் பதிந்துகொண்டு பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலைகள் பற்றி 2011இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஏழைகளை முற்றாக வெளியே நிறுத்தினால் அது தர்மம் ஆகாது, அவர்களுக்கும் பெயருக்கு அல்லாமல் உண்மையான பயன் ஏதாவது கிடைக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2025 ஜனவரியிலிருந்து அப்பாடசாலைகளின் கட்டணத்துக்கு 20 சதவீத வரியும் வந்துவிட்டது.

ஆக, கேள்விகள் இரண்டு. மிஞ்சும் காசு எங்கே போகிறது? வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது? முதலாவதைச் சட்டம் கறாராகக் கேட்கிறது. இரண்டாவதை மெதுவாகத்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கொடுப்பவர்களாகிய நாம் இரண்டையும் ஒரே குரலில் கேட்கலாம். எங்களை யாரும் தடுக்கப்போவதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் எமது நாட்டிலேயே பாடம் உண்டு. மட்டக்களப்பு மாவட்டம் புணானையில் எழுந்த பல்கலைக்கழக வளாகத்தின் உரிமையும் நிதியும் பற்றி 2019இல் பாராளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. 2020இல் அந்தக் கட்டடங்கள் கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையமாகின. 2023இல் மீளக் கையளிக்கப்பட்டன. அதில் எவர் சரி, எவர் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. அரசியல் அதில் நிறைய இருந்தது. ஆனால் பொது நோக்கத்துக்காகப் பணம் திரட்டும் எந்த நிறுவனத்திலும், இது யாருடைய பெயரில் இருக்கிறது, கலைந்துபோனால் சொத்து யாருக்குச் சேரும் என்ற இரண்டு வரிகளும் முதல் நாளே கறுப்பு மையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கல்லூரி எழும்பிய பிறகு கேட்டால் அது சண்டையாகிவிடும்.

இங்கே தாய் தந்தையருக்கு ஒரு விடயம். ஒரு நிறுவனம் "மன்றம்" என்றோ "பவுண்டேஷன்" என்றோ பெயர் வைத்திருப்பதால் மட்டும் எதுவும் தெரியாது. கம்பனிகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பங்குகள் உள்ளது, பங்கிலாபம் பிரிக்கலாம். மற்றது உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்டது; அதில் பங்குகள் இல்லை, பிரிப்பதற்குப் பங்கிலாபமும் இல்லை. இரண்டுக்கும் பெயரில் "கம்பனி" என்ற சாயல் இருக்கும். ஆகவே பதிவு எந்த வகை, கடைசி ஆண்டின் கணக்கறிக்கையைப் பார்க்கலாமா, கடந்த வருடம் எத்தனை பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான தர்ம ஸ்தாபனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்காது. கணக்கைக் காட்டுவதில் அதற்குப் பெருமை இருக்கும்.

ஸகாத் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரசுரங்கள் ஸகாத்தையும் ஸதகாவையும் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டுக் கூட்டத்தார் என்று குர்ஆன் வரையறுத்திருக்கிறது. வறிய மாணவி அதில் ஏழை என்ற வகையில் அடங்குவாள். கட்டடம் அடங்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, பெரும்பாலானோர் இல்லை என்றே சொல்கிறார்கள். கட்டடத்துக்கு ஸதகாவும் வக்பும் இருக்கவே இருக்கின்றன. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட மாணவருக்குக் கொடுப்பதையே முதலில் சொல்வேன். இதை எங்களுக்குக் காட்டித் தந்தவர் வடக்கைச் சேர்ந்த ஒருவர். ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இந்துக்களின் கொடையில் நடந்த பாடசாலைகள் ஒரு முஸ்லிம் பிள்ளைக்குக் கதவைத் திறந்தன. அந்தப் பிள்ளை இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமானார். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். அந்த நிதி கல்லூரி கட்டவில்லை. ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகத் தகுதியிருந்தும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவியது. பின்னர் அவர் ஸாஹிராவின் அதிபராகவும் இருந்தார்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் ஊரைவிட்டுப் புத்தளம் போனது. உம்மாவுக்கு அப்போது பத்து வயது. கிடுகுக் கொட்டிலில் பின்னேர வகுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அனுப்பிய கொப்பிகளும் ஒரு சோடிச் சப்பாத்தும் வரும். அனுப்பியவர் பெயர் உம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கொட்டில் எந்தச் சட்டத்திலும் பதிவாகியிருக்காது. மிகையும் இருந்திருக்காது, பற்றாக்குறைதான் இருந்திருக்கும். மீளக் குடியேறி நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் வீடு கட்டிய பல உம்மாமார்கள் அப்படிப் படித்தவர்கள்தான்.

அரச பல்கலைக்கழகம் இலவசம் என்றாலும் அங்கே போய் இருப்பது இலவசம் அல்ல. பஸ் காசு, விடுதி கிடைக்காவிட்டால் அறை வாடகை, மடிக்கணினி, மூன்று வேளைச் சாப்பாடு. மஹாபொல புலமைப்பரிசில் உதவும். மாதம் முழுவதற்கும் காணாது. இடம் கிடைத்தும் இந்தச் செலவுக்குப் பயந்து பெண்பிள்ளையை மறித்துவைத்த வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். ஊருக்கு ஒரு சிறு நிதி இருந்தால், வருடத்துக்கு இரண்டு பேரின் அறை வாடகையை அது கட்டினால், அந்த நிதியும் 1917ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் கல்வித் தர்மத்துக்குள் அழகாக அடங்கும். அதற்கு மாடிக் கட்டடம் தேவையில்லை. ஒரு வங்கிக் கணக்கும், ஒரு கணக்குப் புத்தகமும், அதை வருடாவருடம் பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் துணிவும் போதும்.

கடைசியாக ஒன்று, இதை நான் தேடும்போதுதான் அறிந்தேன். தர்ம ஸ்தாபனமா என்பதும், அது தரும் பட்டம் செல்லுமா என்பதும் இரண்டு வெவ்வேறு விடயங்கள். அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று பட்டம் வழங்குவதற்குப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சரின் அங்கீகாரம் பெற வேண்டும். அதுவும் நிறுவனத்துக்கு மொத்தமாக அல்ல, குறித்த பட்டங்களுக்குத்தான். இலாபம் பார்க்கும் நிறுவனம் ஒன்றின் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கலாம். மனத்தூய்மையோடு நடக்கும் தர்ம நிறுவனம் ஒன்றின் சான்றிதழ் அரச வேலைக்குச் செல்லாததாகவும் இருக்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். காசு கட்டும் முன்னர் ஆணைக்குழுவிடம் நேரடியாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.